பதாகை வேண்டாம், அளவு நாடா போதும்

பள்ளியில் மாற்றுத்திறனாளிகள் பற்றிய மாணவர் திட்டமா? பதாகை அச்சடிக்கும் பணத்தை மிச்சப்படுத்துங்கள். ஓர் அளவு நாடாவும் சுண்ணக்கட்டியும் போதும். வாசற்படியின் உயரத்தை அளந்து, அதைப் பன்னிரண்டால் பெருக்கி, அந்த நீளத்துக்குத் தரையில் கோடு போடச் சொல்லுங்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட அளவு 1:12, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். அதன்படி 15 சென்டிமீட்டர் படிக்கே 1.8 மீட்டர் கோடு வரும்! ஒற்றைப் படிக்கு இவ்வளவு நீளமா என்று பிள்ளைகள் குனிந்து பார்ப்பார்கள். கண்ணைக் கட்டிவிட்டு நடக்கவைக்கும் விளையாட்டில் பயமும் பரிதாபமும்தான் மிஞ்சும். இந்தக் கோடோ குறை மனிதரிடம் இல்லை, கட்டடத்தில் இருக்கிறது என்று காட்டிவிடும். மரியாதை அங்கிருந்துதான் வரும் என்பது என் உறுதியான எண்ணம். மலேசியாவின் பினாங்கு லிட்டில் இந்தியாவில், கடைகளின் முன்னே கூரையுடன் இருக்கும் ஐந்தடி நடைபாதைகளிலும் அளந்து பார்க்கலாம். கடைக்குக் கடை தளம் ஏறி இறங்கும்.

மாடிப்படிக்கு இந்தக் கணக்கு உதவாது, அங்கே மின்தூக்கிதான் வேண்டும். நிரந்தரச் சாய்தளம் கட்டுவதைப் பொறியாளரிடம் விட்டுவிடுங்கள். பார்வை, செவித்திறன் தேவைகளை நாடாவால் அளக்க முடியாது, உரியவர்களிடமே கேளுங்கள். வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் மாணவர் இருந்தால், அவருடைய சம்மதம் பெற்ற பிறகே தொடங்குங்கள்.