கிளிட்டோவின் கதையைத் தரையில் வரைந்து சொல்லிக்கொடுப்பது எப்படி

மத்தியகால ஐரோப்பாவைப் புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டினால், எங்கள் ஹட்டன் பிள்ளைகளுக்குப் பெயர்கள் மட்டும்தான் மிஞ்சும். ஆகவே மேசைகளை ஒதுக்கிவிட்டு, வெண்கட்டியால் தரையில் பிளாண்டர்ஸை (இன்றைய பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் இருந்த பிரபு ஆட்சிப்பகுதி) வரையுங்கள். ஐந்து ஊருக்கு ஐந்து வட்டம் போதும்: புரூஜ், கெண்ட், லீல், சென் ஓமேர், ஆல்ஸ்ட். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை நிற்கட்டும்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். 1127 மார்ச் 2இல் புரூஜ் தேவாலயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த பிளாண்டர்ஸின் ஆட்சியாளர் சார்ள்ஸ் பிரபுவை வெட்டிக் கொன்றார்கள். அவருக்கு வாரிசு இல்லை. பிரெஞ்சு மன்னர் ஆறாம் லூயி, வில்லியம் கிளிட்டோவைக் கொண்டுவந்து அடுத்த பிரபுவாக அமர்த்தினார். நோர்மண்டிக்கும் உரிமை கோரியவர் கிளிட்டோ; அதனால் அவருடைய சித்தப்பா, இங்கிலாந்தின் முதலாம் ஹென்றி, கிளிட்டோவின் எதிரிகளுக்குக் கைகொடுத்தார்.

நேரத்தைச் சுங்கத்தில் செலவிடுங்கள். வட்டத்தில் நிற்பவர்களுக்குச் சுங்கப் பணமாக ஒரு பிடி புளியங்கொட்டை கொடுங்கள். கிளிட்டோவாக வருபவன் புரூஜிடம் போய், "இனி உங்களிடம் சுங்கம் வாங்கமாட்டேன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அப்புறம் இரண்டு வீரர்களை அனுப்புங்கள்: "அந்தச் சுங்க வருமானம்தானே எங்கள் சேவைக்குக் கிடைத்த மானியம்? எங்களைக் கேட்காமல் எப்படி விட்டுக்கொடுத்தீர்கள்?" உண்மையிலும் அப்படித்தான் நடந்தது. செப்டெம்பரில் கிளிட்டோ மறுபடி சுங்கம் கேட்டார். கொட்டையைக் கேட்டதும் புரூஜ் பிள்ளை கையை இறுக்கி மூடிக்கொள்வாள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவசரப்படுத்தாதீர்கள், வாதாடட்டும். சம்பளத்தைக் கூட்டிவிட்டு வேலை நாளைக் குறைத்த கதைகளைத் தேயிலைத் தோட்ட லயத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள்.

பிறகு கெண்ட். 1128 பெப்ரவரியில் ஆல்ஸ்டின் இவான் என்ற பிரமுகர் ஊர் சார்பில் எழுந்து, வாக்கை மீறியவர் பதவியில் இருக்கலாமா என்று சபை கூடித் தீர்மானிக்கட்டும் என்றார். கிளிட்டோ அவரைத் தனிச்சண்டைக்குக் கூப்பிட்டார். ஊர்கள் ஒவ்வொன்றாக, பதவிக்குப் போட்டியிட்ட அல்சாஸின் தியரி பக்கம் சாய்ந்தன. பிள்ளைகளையும் இடம் மாறச் சொல்லுங்கள்.

ஜூன் 21இல் அக்ஸ்போல் போரில் ஜெயித்தவர் கிளிட்டோ. இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குள் அவர் தோற்றுப்போனதாகப் பிள்ளைகள் முடிவுகட்டியிருப்பார்கள். அடுத்த மாதம் ஆல்ஸ்ட் முற்றுகையில் பட்ட காயம் அழுகி இறந்தார்.

இதையெல்லாம் உடனுக்குடன் எழுதிவைத்த கல்பெர்ட் புரூஜ்காரர். நாம் கேட்டது புரூஜின் பக்கம். அதனால் வீட்டுவேலையாக, அதே சுங்கச் சண்டையைக் கிளிட்டோவின் பக்கமிருந்து அரைப் பக்கம் எழுதி வரச் சொல்லுங்கள்.