ஐம்பொன் சிலையின் களிம்பைச் சுரண்டாமல் படிப்பது எப்படி?

பழைய செப்புத் திருமேனி ஒன்று ஆய்வுக்கு வந்தால் முதல் வேலை, புளியையும் சாம்பலையும் எட்ட வைப்பது. பல நூறு ஆண்டு மண்ணுக்குள் கிடந்ததற்கான சாட்சி, செம்பின் மேல் படரும் பச்சைப் படிவான அந்தக் களிம்பில்தான் இருக்கிறது, தேய்த்தால் போயே போச்சு.

டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அப்புறம் பத்து மடங்கு லென்ஸை வைத்து முழங்கை மடிப்பு, ஆடை வரிகளின் இடுக்கு, பீடத்தின் அடி என்று துடைக்கும் துணி எட்டாத இடங்களாகப் பாருங்கள். தானாக வளர்ந்த களிம்பு என்றால், பச்சை லேசாகப் பெயர்ந்த இடத்தில் செங்கல் நிறத்தில் குப்ரைட் (செம்பு ஆக்சைடு) படலம் பெரும்பாலும் தெரியும். பளிச்சென்ற உலோகத்தின் மேலேயே பச்சை உட்கார்ந்திருந்தால், செயற்கையாகப் பூசியதோ என்று எனக்குச் சந்தேகம் வரும்.

வெளிர்பச்சையில் மாவு மாதிரி புள்ளிகள் இருந்தால் அது குளோரைடு அரிப்பாக (குளோரின் கலந்த உப்பு செம்பை அரிப்பது) இருக்கலாம். சிலைக்கு அடியில் கறுப்புத் தாள் விரித்துச் சில நாள் விடுங்கள், மாவு உதிர்ந்திருந்தால் அரிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. காற்றின் ஈரப்பதத்தை 42 சதவீதத்துக்குக் கீழே வைப்பதுதான் அவசர மருந்து.

365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் செம்புக் களிம்பு பொதுவாக இருண்டே கிடக்கும். பிசினோ வார்னிஷோ கலந்து பூசிய இடம் பெரும்பாலும் ஒளிரும்.

எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி (எக்ஸ்ஆர்எஃப்) ஒரு நிமிடத்துக்குள் செம்பு, ஈயம், வெள்ளீயம் என்று எண்களைக் கொட்டும். அதை அப்படியே உலோகக் கலவையின் விகிதம் என்று எழுதிவிடாதீர்கள். மண்ணில் கிடந்த வெண்கலத்தில் செம்பு கரைந்து வெளியேறி, வெள்ளீயம் மேல்பரப்பில் கூடி நிற்பது வழக்கம், கருவி பார்ப்பதோ அந்த மேல்தோலைத்தான். குளோரைடு அரிப்பைக் காட்ட வேண்டிய குளோரினின் கதிரும் காற்றிலேயே பெருமளவு மங்கிவிடும், கருவியின் முனையில் ஹீலியம் வாயுவை ஓடவிட்டால்தான் சரியாகச் சிக்கும்.

மாலகைட்டா (செம்புக் கார்பனேட்) அட்டகமைட்டா (செம்புக் குளோரைடு) என்று பிரித்துச் சொல்ல, லேசர் ஒளியைப் பாய்ச்சிச் சிதறும் ஒளியை அளக்கும் ராமன் நிறமாலை வேண்டும், கண்ணுக்கு இரண்டும் பச்சைதான். 1930களில் வந்த தாலோசயனின் பச்சைச் சாயத்தையும் அதுவே காட்டிக்கொடுக்கும், ஆனால் அந்தச் சாயம் பிற்காலப் பழுதுபார்ப்பில் வந்ததாகவும் இருக்கலாம் என்பதால் ஒரே புள்ளியை வைத்து முடிவு கட்ட வேண்டாம். லேசர் திறனைக் குறைவாக வையுங்கள், சூடேறினால் களிம்பே கருகி நிறம் மாறிவிடும்.

களிம்பே இல்லையென்றால் போலி என்று அவசரப்படவும் கூடாது. சென்னை அருங்காட்சியகத்தில் 1930களிலேயே மின்னாற்பகுப்பு முறையில் (கரைசலில் மின்சாரம் செலுத்தி) வெண்கலச் சிலைகளைச் சுத்தம் செய்தார்கள். அதனால் கருவியை எடுப்பதற்கு முன்னால் சிலையின் பழைய பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.