புரதத்தின் வடிவத்தை மட்டும் நம்பி அதன் தொழிலை எழுதாதீர்கள்

கொழும்பில் உயிர் இரசாயனவியலில் கலாநிதிப் பட்ட ஆய்வைத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: புரதத்தின் கட்டமைப்பு கையில் இருக்கிறது என்பதற்காக அதன் தொழிற்பாடும் தெரிந்துவிட்டதாக எழுதாதீர்கள். ஆய்வேடுகளில் காணும் தவறுகளில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது இது.

விரியன் நஞ்சிலுள்ள பொஸ்போலிபேஸ் ஏ2 நொதியத்தைப் பாருங்கள். அதன் 49ஆவது இடத்திலுள்ள அஸ்பார்ட்டிக் அமிலம் கல்சியத்தைப் பிடித்துவைக்கிறது. கல்சியம் இல்லாவிட்டால் நொதியம் வேலை செய்யாது. சில விரியன் இனங்களின் நஞ்சில் அதே இடத்தில் லைசின் இருக்கிறது. மடிப்பு ஏறத்தாழ அதேதான். ஆனால் நொதியத் தொழில் போய்விட்டது, தசையை அழிக்கும் ஆற்றலோ எஞ்சியிருக்கிறது. வடிவத்தை மட்டும் பார்த்தவர் இல்லாத தொழிலை இருப்பதாக எழுதுவார், இருக்கும் தொழிலைக் காணாமல் விடுவார்.

புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலான அல்ஃபாஃபோல்ட் வந்தபின் இந்த ஆபத்து கூடியிருக்கிறது. 2024இல் இரசாயனவியல் நோபல் பரிசில் பங்கு பெற்ற அந்தப் பணி, 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிப்புகளை இலவசமாகத் தந்திருக்கிறது. புரதக் கட்டமைப்பை அறியத் தேவையான வலிய எக்ஸ் கதிர்களைத் தரும் சின்குரோட்ரோன் இல்லாத நம் நாட்டுக்கு இது பெரிய கொடை. ஆயினும் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் அது 100க்குத் தரும் நம்பிக்கைப் புள்ளியைப் பார்க்காமல் படம் வரையக் கூடாது. 50க்குக் கீழே இருந்தால் அந்தப் பகுதியின் வடிவத்தை வைத்து எதையும் வாதிடாதீர்கள். இன்னொன்று: எக்ஸ் கதிரால் கண்ட கட்டமைப்புக் கோப்புகளில் வெப்பநிலைக் காரணி (அணுவின் இடம் எவ்வளவு உறுதியற்றது என்ற எண்) இருக்கும் நிரலில்தான் இந்தப் புள்ளி எழுதப்படுகிறது. அங்கே பெரிய எண் உறுதியின்மையைக் காட்டும், இங்கே நம்பகத்தன்மையைக் காட்டும். பழைய நிற ஒழுங்கை அப்படியே போட்டால் படத்தின் பொருள் தலைகீழாகும்.

ஆய்வுகூடத்தில் அடிக்கடி ஏமாற்றுவது ஜெல்லில் தெரியும் ஒற்றைப் பட்டை. ஜெல்லில் ஓட்டுமுன் சேர்க்கும் எஸ்.டி.எஸ். என்ற சவர்க்காரம் ஏறத்தாழ எல்லாப் புரதத்தையும் விரித்துவிடும். ஆகவே அந்தப் பட்டை தூய்மையையும் பருமனையும் பற்றித்தான் பேசும், புரதம் சரியாக மடிந்திருக்கிறதா என்று சொல்லாது. திரண்டு கெட்டுப்போன புரதமும் அழகான பட்டையாகவே ஓடும். வட்ட இருநிறவியல் (மடிப்பை ஒளியால் பார்க்கும் முறை), பருமனால் பிரிக்கும் நிரல் ஆகிய இரண்டிலும் சோதித்த பிறகே தொழிற்பாட்டை அளவிடுங்கள். ஹிஸ்டிடின் வால் சேர்த்த புரதத்தைப் பிடித்துத் தூய்மையாக்கும் நிக்கல் நிரலில், அதை உற்பத்தி செய்யும் ஈ. கோலை பற்றீரியாவின் சொந்தப் புரதங்களும் ஒட்டும், ஹிஸ்டிடின் நிறைந்த ஸ்லைடி அவற்றில் ஒன்று. எனவே உங்கள் புரதத்தின் மரபணு இல்லாத வெறும் பிளாஸ்மிட் (வட்ட டி.என்.ஏ.) ஏற்றிய பற்றீரியாவையும் அதே படிகளில் கொண்டுபோய் அளவிடுங்கள். நொதியத்தின் தாக்கம் நிகழும் உயிர்ப்பு மையத்தில் ஒரு அமினோ அமிலத்தை மாற்றிய வடிவத்தையும் சேருங்கள். அதிலும் அதே வேகம் வந்தால், நீங்கள் அளந்தது வேறு ஏதோ நொதியத்தை.

கொழும்பின் வெப்பத்தில், பி.எச். மாறாமல் காக்கும் தாங்கற் கரைசலும் கவனம் கேட்கும். அவற்றில் ஒன்றான ட்ரிஸ் கரைசலின் பி.எச். ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.028 மாறும். 30 பாகை செல்சியஸ் அறையில் 8.0 ஆகச் சரிசெய்தது 4 பாகையில் ஏறத்தாழ 8.7 ஆகிவிடும். உங்கள் புரதத்தின் சமமின் புள்ளி (நிகர மின்னேற்றம் பூச்சியமாகும் பி.எச்.) அதற்கு அருகில் இருந்தால் அது வீழ்படிவாகும். பயன்படுத்தப்போகும் வெப்பநிலையிலேயே பி.எச்.ஐச் சரிசெய்யுங்கள். தூய்மையாக்கிய புரதத்தை அன்றே சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80 பாகையில் வையுங்கள். உருக்கிய குழாயை மறுபடி உறையவைக்காதீர்கள்.