டெபியன் போடும்போது வைஃபை காணோமா? ஃபர்ம்வேரைப் பாருங்கள்

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கூடங்களில் பழகிய கைட் குனு/லினக்ஸ் இயங்குதளத்தில் வைஃபை பிடித்த லேப்டாப், டெபியன் 11 என்ற இன்னொரு லினக்ஸைப் போட்டதும் நெட்வொர்க்கே இல்லை என்று சொல்லலாம். லேப்டாப்பில் பழுது இல்லை. கைட் உபுண்டு என்ற லினக்ஸிலிருந்து வந்தது; வைஃபை சிப் போன்ற வன்பொருளுக்குள் ஓடும் சிறு மென்பொருளான ஃபர்ம்வேரும் அதோடு சேர்ந்தே வரும். டெபியனோ மூலநிரல் கிடைக்காத ஃபர்ம்வேரைத் தன் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரில் வைக்காமலே இருந்தது. 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி முடிவை மாற்றியது; 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அது கூடவே வருகிறது. அதனால் முதல் வேலை, பழைய இன்ஸ்டாலர் கோப்பான ஐஎஸ்ஓவைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியதை இறக்குவது. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அப்படியும் இன்ஸ்டாலர் ஃபர்ம்வேர் கோப்பு கேட்டால், அது காட்டும் பெயரை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பொதி (டெபியனின் மென்பொருள் தொகுப்பு) தேவை என்பது அதிலிருந்துதான் தெரியும். இன்டெல் வைஃபைக்கு ஒரு பொதி, ரியல்டெக்குக்கு வேறு, ஏஎம்டி கிராஃபிக்ஸ் சிப்புக்கு வேறு. வேறொரு கணினியில் அந்தப் பொதியை இறக்கி, ஃபேட்32 வடிவில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் நேரடியாகவோ 'ஃபர்ம்வேர்' என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட கோப்புறையிலோ வையுங்கள். ஜிப்பாக இறங்கியிருந்தால் பிரித்து வையுங்கள். இன்ஸ்டாலர் அதைத் திறந்து பார்க்காது. டவுன்லோட் பக்கத்தையே கோப்பு என்று நினைத்துச் சேமித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கோப்பின் அளவைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேட்பதெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை. கேபிள் வழி நெட்டுக்கான ரியல்டெக் கார்டு ஃபர்ம்வேர் கேட்டுவிட்டு, அது இல்லாமலே ஓடுவது சகஜம். 'வேண்டாம்' என்று சொல்லி மேலே போய்ப் பாருங்கள். டெக்ஸ்ட் இன்ஸ்டாலரில் ஆல்ட்+எஃப்4 அழுத்தினால் பதிவு வரிகள் ஓடும். பிழை எண் -2 என்றால் கோப்பு இல்லை என்று பொருள். ஆனால் இன்டெல் டிரைவர் பெரிய பதிப்பு எண்ணில் தொடங்கி இறங்கிக்கொண்டே தேடும். மேலே நாலு தோல்வி வரி இருந்தாலும், கீழே ஒன்று ஏறியிருந்தால் போதும். 'யோயோ' என்று பெயர் வரும் கோப்பு இல்லை என்றால் கண்டுகொள்ளாதீர்கள். அது பிழைதேடும் வேலைக்கானது.

பிராட்காம் நிறுவனத்தின் பழைய வைஃபை சிப்தான் உண்மையான தலைவலி. அதன் ஃபர்ம்வேரை மறுவிநியோகம் செய்ய உரிமை இல்லாததால், டெபியன் பொதி அதை நிறுவும் நேரத்தில் இணையத்திலிருந்து இறக்குகிறது. வைஃபைக்கு நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும்! இதற்கென்று பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறி யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி, நெட்வொர்க் தேடும் படிக்கு முன்பே போனின் நெட்டைக் கேபிள் வழியே கணினிக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். போன் ஒரு கேபிள் கார்டு போலத் தெரியும். கேபிள் அசைந்தால் டெதரிங் அணைந்துவிடும், போனை மேசையில் வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

மூடிய ஃபர்ம்வேர் ஒன்றுமே வேண்டாம் என்பவர்கள், இன்ஸ்டாலர் மெனுவில் 'இ' விசை (பழைய பயாஸ் முறையில் தொடங்கும் கணினியில் டேப்) அழுத்தி, லினக்ஸ் வரியின் கடைசியில் 'ஃபர்ம்வேர்=நெவர்' என்று ஆங்கில எழுத்தில் சேர்க்கலாம். ஏஎம்டி கிராஃபிக்ஸ் சிப் உள்ள கணினியில் இதைச் செய்தால் திரை கறுத்துப்போகவும் வாய்ப்புண்டு.

டெபியன் 11-இலிருந்து 12-க்கு மேம்படுத்துபவர்களுக்கு ஒன்று: ஃபர்ம்வேர் பொதிகள் பழைய 'நான்-ஃப்ரீ' பிரிவிலிருந்து 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற தனிப் பிரிவுக்கு மாறிவிட்டன. பொதிகளை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் ஏபிடி மூலப் பட்டியலில் அந்தச் சொல்லைச் சேர்க்காவிட்டால் வைஃபை ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் ஃபர்ம்வேர் பழைய பதிப்பிலேயே நின்றுவிடும், சிபியுவுக்கான ஃபர்ம்வேரான மைக்ரோகோடின் பாதுகாப்புத் திருத்தங்களும் வராது.