வீட்டிலேயே ஸ்டீல் சைக்கிள் பிரேம்: அரம் முதலில், ஆர்கான் பிறகு

இரண்டு குழாய் சேரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் சந்து இருந்தால், கை தேர்ந்த வெல்டருக்கே 0.9 மி.மீ. சுவரை ஓட்டை விழாமல் ஒட்டுவது கஷ்டம். அதனால் இந்த விளக்கத்தில் பெரும்பங்கு அரத்துக்குத்தான். ஆர்க் பிடித்து நேராக ஒரு பீடு (வெல்டு வரி) ஓட்ட உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

பொருள்

கிரோமோலி 4130 (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) குழாய், சுவர் 0.9 மி.மீ. சீட்டைத் தாங்கும் சீட் டியூபும் மேலே படுக்கும் டாப் டியூபும் வெளிவிட்டம் 28.6 மி.மீ., கீழே சாய்ந்து போகும் டவுன் டியூப் 31.8. ஹேண்டில்பாருக்குக் கீழே வரும் ஹெட் டியூப் உள்விட்டம் 34 மி.மீ. பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட் ஷெல் 68 மி.மீ. அகலம். நடுவில் 0.6 ஆக மெலியும் பட்டட் குழாய் முதல் பிரேமுக்கு வேண்டாம். 28.6 குழாயில் இரு பக்கச் சுவரும் போனால் மிஞ்சுவது 26.8, சீட் போஸ்ட்டை அந்த அளவுக்கே வாங்குங்கள். 27.2 வாங்கினால் உள்ளே ஏறாது. மலிவு என்று ஜி.ஐ. பைப் எடுக்காதீர்கள், துத்தநாகப் புகை அன்று இரவே குளிர்காய்ச்சலாக வரும்.

மெஷின், சிங்கிள் பேஸில் ஓடும் டி.சி. டிக் இன்வெர்ட்டர். நம்ம ஊர்ப் பட்டறையில் ‘ஆர்கான் வெல்டிங்’ என்று சொன்னாலே புரியும். 60 ஆம்பியரைத் தாண்டும் வேலை இதில் இல்லை, வீட்டின் 15 ஆம்பியர் பிளக்கே தாங்கும். கால் பெடல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய குழாயில் கடைசி இரண்டு மில்லிமீட்டரை முடிக்கும்போது ஆம்பியரைக் காலால் இறக்க முடியாவிட்டால் குழி விழும். ஆர்க் பிடிக்கும் டங்ஸ்டன் ஊசி 1.6 மி.மீ. லாந்தனேட்டட், உருக்கி நிரப்பும் ராடு இ.ஆர். 70 எஸ்-2.

மீன்வாய் வெட்டு

ஒரு குழாயின் முனை அடுத்த குழாயின் வளைவில் அப்படியே உட்கார வேண்டும். இதற்கான காகித அச்சைக் கணினியில் எடுத்து, குழாயில் சுற்றி, கோடு போட்டு வெட்டலாம். அச்சு எடுக்கும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற வசதி தானாக அளவைச் சுருக்கிவிடும். வெட்டும் முன் காகிதத்தை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள்: 28.6 குழாய்க்குச் சுற்றளவு 89.8 மி.மீ., 31.8க்கு 99.9. ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் அந்தக் காகிதம் குப்பைக்கு.

ஆக்ஸா பிளேடால் கோட்டுக்கு ஒரு மி.மீ. வெளியே அறுத்து, மீதியை அரைவட்ட அரத்தால் இறக்குங்கள். கடைசிப் பத்துத் தேய்ப்புக்கு, சேரப்போகும் குழாயின் துண்டு ஒன்றில் எமெரி துணி சுற்றித் தேய்க்கலாம். அதற்கு மேல் போனால் எமெரியின் தடிமனும் சேர்ந்து வளைவு பெரிதாகிவிடும். இரண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கீற்று தெரிந்தால் இன்னும் அரம்.

டாப் டியூபில் இரண்டு முனையும் தனித்தனியாக அழகாக உட்காரும். ஆனால் ஒன்றுக்கொன்று முறுக்கி இருக்கும். அப்படி ஒட்டினால் முன்சக்கரம் ஒரு பக்கமும் பின்சக்கரம் ஒரு பக்கமும் சாயும். வெட்டும் முன் குழாயை ஒரு எல் ஆங்கிளுக்குள் படுக்கவைத்து, ஆங்கிளின் விளிம்பை ஒட்டி முழு நீளத்துக்கும் ஊசியால் கீறுங்கள். இரண்டு முனைக் காகிதத்தின் நடுக்கோடும் இந்தக் கீறலில்தான் வர வேண்டும்.

ஷெல்

பாட்டம் பிராக்கெட் ஷெல்லில் செயின் வரும் வலப்பக்கம் இடமுறுக்கு மரை. திருப்பி வைத்து ஒட்டிவிட்டால் வலக் கப் (பெடல் அச்சின் பேரிங்கைப் பிடிக்கும் மரை மூடி) உள்ளே ஏறவே ஏறாது. அதைச் சரிசெய்ய வழியில்லை; ஷெல்லை அறுத்தால் சீட் டியூப், டவுன் டியூப், பின்சக்கரத்துக்குப் போகும் இரண்டு செயின் ஸ்டே நான்கும் போச்சு. டேக் (குழாய் நகராமல் பிடிக்கும் பொட்டு வெல்டு) வைக்கும் முன் கப்பை முறுக்கிப் பார்த்து, அந்தப் பக்கம் பெயிண்ட் மார்க்கரால் ‘வ’ என்று எழுதுங்கள்.

டேக், வெல்டு

மூட்டின் இரு பக்கமும் 25 மி.மீ. தூரம் எமெரி போட்டு, அசிட்டோனில் துடையுங்கள். பிரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம். குளோரின் கலந்தது ஆர்க்கின் கதிர் பட்டால் நச்சு வாயுவாகும். டாப், டவுன் டியூபின் முனை போய் ஒட்டும் இடத்தில், ஹெட் டியூபிலும் சீட் டியூபிலும் மீன்வாய்க்கு உள்ளே வரும்படி 3 மி.மீ. துளை போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி மூட்டை மூடும்போது உள்ளே சூடான காற்று உருகிய இரும்பைத் துப்பிக்கொண்டு வெளியே வரும்.

முதலில் சீட் டியூபும் ஷெல்லும். எதிரெதிரே இரண்டு டேக், ஷெல் முகத்தில் மூலைமட்டம் வைத்துப் பார்த்து, மேலும் இரண்டு. பிறகு டவுன் டியூப், ஹெட் டியூப், டாப் டியூப். குழாய்க்கு 35 முதல் 45 ஆம்பியர், தடித்த ஷெல்லுக்கு 60 வரை. சூட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஷெல் பக்கம் காட்டுங்கள். கால்வட்டம் ஓட்டியதும் நிறுத்தி எதிர்ப்பக்கம் போங்கள், வெல்டு தான் ஆறும் பக்கமாகக் குழாயை இழுக்கும். நிறுத்திய பிறகும் ஐந்தாறு விநாடி டார்ச்சை எடுக்காதீர்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றுவது கூடவே கூடாது: 4130 கடினமாகி விரிசல் விடும்.

ஹெட் டியூப் சூட்டில் முட்டை வடிவமாகும். கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் ஏதாவது லேத் பட்டறையில் 34 மி.மீ.க்கு ஒரு பித்தளை புஷ் கடைந்து, வெல்டு பண்ணும்போது உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்க டிராப்அவுட் (சக்கர அச்சு உட்காரும் தகடு) இடைவெளிக்குப் பழைய ஹப்பை நம்பாமல், 10 மி.மீ. மரைக்கம்பியில் நான்கு நட்டு போட்டு 135 மி.மீ.க்குப் பூட்டுங்கள்.

காற்று

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது ஆர்கான் எம்மாத்திரம்? ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஓய்வதே இல்லை. பீடு சாம்பல் நிறமாகி ஊசித்துளை விழுந்தால் காரணம் கை இல்லை, காற்றுதான். சிலிண்டரை இன்னும் அதிகமாகத் திறந்து 15, 20 லிட்டர் விடுவது இன்னும் மோசம். வாயு சுழன்று வெளிக்காற்றையும் சேர்த்து இழுக்கும். நிமிடத்துக்கு 8 லிட்டர் போதும். டார்ச்சில் கேஸ் லென்ஸ் (வாயுவைச் சீராக ஓடவைக்கும் வலை) போட்டு, காற்று வரும் பக்கம் தகரம் சாத்துங்கள். அறையை முழுக்க அடைக்கக் கூடாது, ஆர்கான் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும்.

புழுக்கத்துக்காகத் திருப்பூர் பனியனோடு உட்காராதீர்கள், ராத்திரியே கழுத்து சிவந்து எரியும். தடித்த பருத்தி முழுக்கைச் சட்டை.

பின்சேர்க்கை: “ஜிக் (குழாய்களை அளவாகப் பிடித்து நிறுத்தும் சட்டம்) இல்லாமல் நேர் பார்ப்பது எப்படி?” என்று கேட்பவர்களுக்கு. கொத்தனார் கட்டும் நைலான் நூலை ஒரு டிராப்அவுட்டில் கட்டி, ஹெட் டியூபின் முன்னால் சுற்றி, மறு டிராப்அவுட்டுக்குக் கொண்டுவந்து இறுக்குங்கள். சீட் டியூபுக்கும் நூலுக்கும் இரு பக்கமும் உள்ள இடைவெளியை அளங்கள். வித்தியாசம் ஒரு மி.மீ.க்குள் இருந்தால் பெயிண்டுக்கு அனுப்பலாம். இரண்டைத் தாண்டினால் பின்பக்க ஸ்டேவைக் குளிர்ந்த நிலையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, மறுபடி நூல் கட்டுங்கள்.