கிளைடிங் கிளப்பின் பணமும் கிளைடர்களும்: புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு ஒரு வழிகாட்டி

"வங்கியில் 78,000 பவுண்டு இருக்கிறதே, இன்னொரு கிளைடர் வாங்கினால் என்ன?" இஞ்சினின்றிப் பறக்கும் கிளைடர்களை வைத்திருக்கும் கிளப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இந்தக் கேள்வி வரும். பொருளாளராகப் பொறுப்பேற்பவர் அதற்குப் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். அந்த 78,000இல் கிளப் இன்று செலவழிக்கக்கூடியது எவ்வளவு என்று முதலில் பிரித்துப் பாருங்கள். உறுப்பினர்கள் பறப்பதற்காக முன்கூட்டியே கட்டி வைத்திருக்கும் தொகை 9,600. பரிசாக விற்ற, இன்னும் பறக்காத அறிமுகப் பறப்புச் சீட்டுகள் 5,700. பழைய கிளைடர்களுக்குப் பதில் வேறு வாங்கச் சேர்க்கும் நிதி 38,000, வின்ச்சுக்கு (கிளைடரைக் கேபிளால் இழுத்து வானில் ஏற்றும் எந்திரம்) அதே போன்ற நிதி 20,000. எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது 4,700. கிளப்பின் நிலையான செலவு மாதம் 3,000 என்றால் ஒன்றரை மாதத்துக்கு மேல் அது தாங்காது.

இந்த வழிகாட்டியில் வரும் தொகைகள் கணக்கிடும் முறையைக் காட்டும் எடுத்துக்காட்டுகள். உங்கள் கிளப்பின் எண்களை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வரி, காப்பீடு, தகுதிச் சான்று பற்றிய விதிகள் பிரிட்டனுக்கு உரியவை. அங்கே கிளைடிங் பெரும்பாலும் உறுப்பினர்களே சம்பளமின்றி நடத்தும் கிளப்களில் நடக்கிறது. 1929இல் தொடங்கிய பிரிட்டிஷ் கிளைடிங் அசோசியேஷன் அவற்றின் தலைமை அமைப்பு. பொருளாளர் ஒருவர், கிளைடர்களைக் கவனிக்கும் தொழில்நுட்பப் பொறுப்பாளர் இன்னொருவர் என்பதே வழக்கம். இவர்கள் இருவரும் தனித்தனிப் புத்தகம் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால் கிளப் தடுமாறும். பறந்த ஒவ்வொரு மணி நேரமும் எதையோ தேய்க்கிறது. அந்தத் தேய்மானத்துக்கான பணம் அதே நாளில் ஒதுக்கப்பட வேண்டும்.

மூன்று கட்டணம், மூன்று வேலை

சந்தா, லாஞ்ச் கட்டணம் (கிளைடரை ஒரு முறை வானில் ஏற்றுவதற்கு), பறக்கும் நேரக் கட்டணம் ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று கலக்காமல் வையுங்கள். யாரும் பறக்காவிட்டாலும் வரும் செலவைச் சந்தா தாங்க வேண்டும். மைதான வாடகை 12,000, காப்பீடு 10,000, நான்கு கிளைடர்களின் ஆண்டுச் சோதனை 6,000, கட்டடமும் மின்சாரமும் 5,000, சங்க இணைப்புக் கட்டணம் 3,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 36,000. முழு உறுப்பினர் 80 பேர் என்றால் தலைக்கு 450. புது உறுப்பினரை ஈர்க்கச் சந்தாவை 350 ஆக்கி, குறையை லாஞ்ச் கட்டணத்தில் சரிக்கட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். மழை நிறைந்த கோடையில் அந்தத் திட்டம் உடையும்: லாஞ்ச் குறையும், வாடகை குறையாது.

வின்ச் லாஞ்சுக்கு ஆண்டுக்கு 4,500 முறை என்று கணக்குப் போடுவோம். எரிபொருள் 4,500, கேபிள், அதன் முனையில் உள்ள பாராசூட், சுமை மிஞ்சினால் அறுந்து கிளைடரைக் காக்கும் வீக் லிங்க் முதலானவை 5,000. இந்த 9,500 லாஞ்ச் எண்ணிக்கையோடு ஏறி இறங்கும். இஞ்சின் பராமரிப்பு 4,500, கேபிளை இழுத்து வரும் வண்டி 3,000, 1,20,000 பவுண்டு வின்ச்சைப் பன்னிரண்டு ஆண்டில் மாற்ற ஆண்டுக்கு 10,000 என்ற 17,500 அசையாது. மொத்தம் 27,000, லாஞ்சுக்கு 6 பவுண்டு. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். நல்ல ஆண்டின் எண்ணிக்கையை வைத்து விலை போட்டுவிடுகிறார்கள். மோசமான ஆண்டில் 3,600 லாஞ்ச்தான் என்றால் செலவு 25,100, லாஞ்சுக்கு 6.97. ஆகவே கட்டணம் 7 பவுண்டுக்குக் குறையக் கூடாது. நல்ல ஆண்டில் மிஞ்சுவது நிதிக்குப் போகட்டும்.

நேரக் கட்டணம் கிளைடரின் ஆயுளுக்கானது. இரட்டை இருக்கை கிளைடர் ஒன்றை மாற்ற 1,00,000 பவுண்டு, இருபத்தைந்து ஆண்டு என்றால் வருடத்துக்கு 4,000. ஜெல்கோட் என்ற மேற்பூச்சைச் சுரண்டிப் புதிதாகப் பூசும் பெரிய வேலைக்கு 1,500, டயர், கருவி, சில்லறைப் பழுதுக்கு 1,000, காப்பீட்டில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகைக்கு 500. ஆக 7,000. ஆண்டுக்கு 350 மணி நேரம் பறந்தால் மணிக்கு 20 பவுண்டு, நிமிடத்துக்கு 33 பென்ஸ். வாங்கிய விலையை வைத்துத் தேய்மானம் போடாதீர்கள். முப்பது ஆண்டுக்கு முன் 20,000க்கு வாங்கிய கிளைடருக்குப் பதில் இன்று என்ன விலைக்குக் கிடைக்குமோ அதுதான் கணக்கு.

லாஞ்ச் பதிவேடு

கிளப்பின் எல்லாக் கணக்குக்கும் மூலம், மைதானத்தில் மேசை போட்டு எழுதும் லாஞ்ச் பதிவேடு. உறுப்பினரின் பில், கிளைடரின் மணி நேரமும் லாஞ்ச் எண்ணிக்கையும், கேபிளின் வயது ஆகிய மூன்றும் அதிலிருந்தே பிறக்கின்றன. கிளைடரின் பதிவு எழுத்து, பைலட், பணம் கட்டுபவர், லாஞ்ச் வகை, ஏறிய நேரம், இறங்கிய நேரம் ஆகியவை ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். அடிக்கடி விடுபடுவது இறங்கிய நேரம். அடுத்தபடி பணம் கட்டுபவர் யார் என்பது: பயிற்சிப் பறப்பில் மாணவர் கட்டுவார், ஆனால் பயிற்றுநர் பெயர் மட்டும் எழுதியிருக்கும். அன்று மாலையே பதிவேட்டின் மொத்த லாஞ்சையும் வின்ச் ஓட்டுநர் தனியே எழுதிய எண்ணிக்கையையும் ஒப்பிட்டுவிடுங்கள். மைதானத்தில் ஆட்கள் இருக்கும்போது இரண்டு லாஞ்ச் வித்தியாசத்தை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். மூன்று வாரம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

உறுப்பினர் கணக்கு எப்போதும் வரவில் நிற்க வேண்டும். 50 பவுண்டு கடன் தாண்டினால் கட்டும்வரை பறக்க முடியாது என்று விதி வகுத்து, அன்றைய பொறுப்புப் பயிற்றுநருக்கும் அந்தப் பட்டியலைக் கொடுங்கள். தலைவருக்கும் அதே விதி. வங்கியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு தொகைக்கும் இருவர் ஒப்புதல் வேண்டும்.

அறிமுகப் பறப்புச் சீட்டு டிசம்பரில் பரிசாக நிறைய விற்கும். அந்தப் பணத்தை ஜனவரி வாடகைக்குக் கொடுத்துவிட்டால், மே மாதம் வாங்கியவர் வந்து நிற்கும்போது எரிபொருளுக்குப் புதிய பணம் தேட வேண்டும். பறந்த பிறகுதான், அல்லது சீட்டு காலாவதியான பிறகுதான் அது வருமானம்.

வரியும் காப்பீடும்

லாப நோக்கமற்ற கிளப் தன் உறுப்பினருக்கு அளிக்கும் விளையாட்டுச் சேவைக்கு வாட் விலக்கு உண்டு. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அந்தச் சேவைக்காக நாம் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வாட்டைத் திரும்பப் பெற முடியாது. கருவிக்கு வாட் சேர்க்காமல் 5,000 என்று விலைப்புள்ளி வந்தால் நிதிநிலை அறிக்கையில் 6,000 என்று எழுதுங்கள். சமூக அமெச்சூர் விளையாட்டு கிளப் என்று வருவாய்த் துறையில் பதிவு செய்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கட்டட வரியில் 80 சதவீதச் சலுகை கட்டாயமாகக் கிடைக்கும். தனிநபர் நன்கொடையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாகப் பெறலாம். சந்தாவுக்கு இது பொருந்தாது. இந்தப் பதிவுக்கு நிபந்தனைகள் உண்டு. உறுப்பினராகிப் பங்கேற்க ஆகும் செலவு ஆண்டுக்கு 520 பவுண்டைத் தாண்டினால், கட்ட முடியாதவருக்குச் சலுகை வைத்திருக்க வேண்டும். சந்தா மட்டுமே 1,612க்கு மேல் போனால் தகுதியே இல்லை. இளைஞர் சலுகை, பயிற்சி உதவித்தொகை போன்றவற்றை எழுத்தில் வைத்திருப்பது இதற்காகவும்தான்.

காப்பீட்டில் மூன்றாம் நபர் பொறுப்பு சட்டப்படி கட்டாயம். 500 கிலோவுக்குக் குறைந்த கிளைடருக்கு 7.5 லட்சம் எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதிலிருந்து 1,000 கிலோவுக்குள் 15 லட்சம் எஸ்டிஆர் என்பது குறைந்தபட்ச வரம்பு. முழு எடை 600 கிலோ வரும் ஏஎஸ்கே 21 என்ற இரட்டை இருக்கை கிளைடர் இரண்டாவது வகுப்பில் சேரும். கிளைடருக்கான காப்பீட்டு மதிப்பை ஆண்டுதோறும் சந்தை விலையோடு ஒத்துப்பாருங்கள். பழைய மதிப்பிலேயே விட்டு வைத்தால், கிளைடர் முற்றிலும் சேதமான பிறகு அந்தப் பணத்தில் மாற்று வாங்க முடியாது.

கிளைடர்களைக் காப்பது

அன்றன்று முதல் பறப்புக்கு முன் தினசரிச் சோதனை, கையெழுத்தோடு. இறக்கையின் முக்கிய ஊசிகள், அவற்றின் பூட்டு, வால் இறக்கை இணைப்பு, காக்பிட்டில் உருளும் பொருள் எதுவும் இல்லாமை ஆகியவற்றைப் பாருங்கள். பழைய வடிவமைப்புகளில் எய்லரானையும் (பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பரப்பு) ஏர்பிரேக்கையும் (இறங்க உதவும் இறக்கைத் தடுப்பு) கையால் பந்து மூட்டில் இணைக்க வேண்டும். இணைத்தது போலத் தோன்றிப் பூட்டாமல் நிற்பது ஆட்களைக் கொன்றிருக்கிறது. ஆகவே, இறக்கையைப் பூட்டிய ஒவ்வொரு முறையும் ஒருவர் உள்ளே ஸ்டிக்கை அசைக்க, மற்றவர் வெளியே கட்டுப்பாட்டுப் பரப்பைக் கையால் எதிர்த்துப் பிடித்துப் பார்க்கட்டும்.

வேகமாகத் தரையில் மோதி இறங்கினால் அந்த இடத்திலேயே கிளைடரை ஒதுக்குங்கள். சோதனைப் புத்தகத்தில் எழுதி, சாவி போல அந்தப் புத்தகத்தையே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சக்கரப் பெட்டி, இருக்கைத் தட்டு, இறக்கைக்குப் பின்னால் உள்ள உடல் பகுதி ஆகிய இடங்களில் விரிசல் ஒளிந்திருக்கும். ஆய்வாளர் பார்த்த பிறகே பறக்கலாம். இதைச் சொல்ல வந்த பைலட்டைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்தவர் சொல்லமாட்டார்.

வீக் லிங்க் நிறத்தில் கவனம் வேண்டும். டோஸ்ட் நிறுவனத்தின் வகையில் கறுப்பு அறுவது 1,000 டெக்கா நியூட்டன் (ஏறத்தாழ அத்தனை கிலோ எடையின் இழுப்பு), பழுப்பு 850, சிவப்பு 750, நீலம் 600, வெள்ளை 500. கிளைடரின் கையேடு எந்த நிறத்தைச் சொல்கிறதோ அதை மட்டுமே போடுங்கள். நீலம் போட வேண்டிய ஒற்றை இருக்கைக்குக் கறுப்பு போட்டால் அறுந்து காப்பாற்ற வேண்டியது அறாது, சுமை இறக்கைக்குப் போகும். தேவைக்குக் குறைந்ததைப் போட்டால் தாழ்ந்த உயரத்தில் அறுந்து, பயிற்சி மாணவர் கையில் அவசர நிலை வந்து சேரும்.

பணமும் பராமரிப்பும் சந்திக்கும் நல்ல உதாரணம், கேபிளைக் கிளைடரில் மாட்டும் டோஸ்ட் கொக்கி. 2,000 லாஞ்சுக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க அனுப்ப வேண்டும். இரண்டு பயிற்சி கிளைடரும் தலா ஆண்டுக்கு 1,600 லாஞ்ச் பறந்தால் பதினைந்து மாதத்தில் கணக்கு முடியும். அது ஜூலையில் வந்து விழுந்தால் பயிற்சி நின்றுபோகும். புதுப்பித்த உதிரிக் கொக்கி ஒன்றை அலமாரியில் வைத்திருங்கள். 1,800 தாண்டிய நிலையில் குளிர்காலச் சோதனை வந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள்.

ஆண்டுச் சோதனைகளை அக்டோபர் முதல் மார்ச் வரை அடுக்கி, எப்போதும் ஓர் இரட்டை இருக்கை பறக்கும்படி பாருங்கள். வான்தகுதி மறுஆய்வை, சான்று காலாவதியாகும் தேதிக்கு 90 நாள் முன்பே முடித்தாலும் ஆண்டுத் தேதி மாறாது. இந்தச் சலுகையைப் பயன்படுத்தாமல் கடைசி வாரத்துக்கு விட்டு, ஒரு உதிரிப்பாகத்துக்காக வசந்தத்தின் முதல் நல்ல வாரங்களை இழப்பது வீண். கண்ணாடியிழை கிளைடர்களுக்கு உற்பத்தியாளர் வகுத்த மணிநேரச் சோதனைகளும் உண்டு, பலவற்றுக்கு முதலாவது 3,000 மணியில். ஆண்டுக்கு 350 மணி பறக்கும் கிளைடர் 2,600இல் இருந்தால் அடுத்த ஆண்டு நிதிநிலை அறிக்கையிலேயே அதற்கான தொகை இருக்க வேண்டும்.

பறக்கும்போது மட்டுமல்ல, தரையிலும் சேதம் வரும். ஹேங்கரில் அடுக்கும்போது ஒருவர் மட்டும் கட்டளையிடட்டும், ஒவ்வொரு இறக்கை நுனிக்கும் ஒருவர் நிற்கட்டும். காக்பிட்டின் கண்ணாடி போன்ற மூடியான கேனப்பியைத் திறந்தபடி விட்டுப் போகாதீர்கள்: காற்று அடித்து மூடினால் ஆயிரக்கணக்கில் செலவு, வெயில் நேரத்தில் அந்த வளைவு வெளிச்சத்தைக் குவித்து இருக்கையைக் கருக்கும். மர இறக்கை கொண்ட ஏஎஸ்கே 13 போன்றவற்றுக்கு ஈரமே எதிரி. பசை விட்டுப்போவது வெளியே தெரியாது. ஹேங்கரில் இடம் குறைந்தால் கண்ணாடியிழை கிளைடர்கள் டிரெய்லருக்குப் போகட்டும், மர இறக்கை கிளைடர்கள் உள்ளே இருக்கட்டும்.

வைத்திருப்பதா, விற்பதா

ஆண்டுக்கு 40 மணி நேரம் மட்டுமே பறக்கும் ஒற்றை இருக்கை ஒன்றுக்குக் காப்பீடு 1,500, சோதனை 1,200 என்றால் மணிக்கு 67.50 பவுண்டு, தேய்மானம் சேர்க்காமலே. விற்கும் முன் ஏன் பறப்பதில்லை என்று கேளுங்கள். தனியாகப் பறக்கத் தொடங்கியவர்களுக்கு அனுமதி வரம்பு மிக உயரமாக இருக்கலாம். தலைமைப் பயிற்றுநர் அதைத் தளர்த்தினாலே மணி நேரம் கூடிவிடும். ஒரு முழுப் பருவம் அப்படிப் பார்த்தும் அசையவில்லை என்றால் விற்றுவிட்டு, வரிசையில் காத்திருப்பவர்கள் கேட்கும் வகையை வாங்குங்கள்.

பழைய கிளைடர் வாங்கப் போகும்போது ஆய்வாளரையும் அழைத்துச் செல்லுங்கள். பறந்த மணியும் லாஞ்சும், அடுத்த பெரிய சோதனைக்கு எவ்வளவு மிச்சம், பழுதுபார்த்த பதிவுகள், கடைசி எடை அறிக்கை, கட்டாயப் பராமரிப்பு உத்தரவுகள் முடிந்திருப்பது எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும். எடை அறிக்கையை வைத்து, உங்கள் கிளப்பின் கனமான பயிற்றுநரும் கனமான மாணவரும் சேர்ந்து அதில் உட்கார முடியுமா என்று அங்கேயே கணக்குப் பாருங்கள். பிறகு டிரெய்லரின் அடியில் படுத்து அச்சையும் துருவையும் பாருங்கள்; அதை மாற்றும் செலவைக் கேட்கும் விலையிலிருந்து கழித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்கலாம்.