அல்பேனிய மொழியில் இறந்தகாலம்: தமிழ் வழியாகவே பிடித்துக்கொள்ளலாம்

அல்பேனிய இலக்கண நூலைத் திறந்தால் இறந்தகாலத்துக்கு மட்டும் ஐந்து அட்டவணை இருக்கும், பார்த்ததும் மூடி வைக்கத் தோன்றும். நானும் முதலில் ஆங்கிலம் வழியாகத்தான் படித்தேன், அதனால்தான் அவ்வளவு குழம்பினேன் என்று பிறகுதான் புரிந்தது. நம் தமிழில் ‘போனேன்’, ‘போவேன்’, ‘போயிருக்கிறேன்’, ‘போயிருந்தேன்’ என்று நாள் முழுக்கப் பேசுகிறோமே, அதற்குப் பக்கத்திலேயே அல்பேனிய வடிவங்களை வைத்துப் படித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

தொடங்கும் முன் உச்சரிப்பு பற்றிக் கொஞ்சம். இங்கே நான் தமிழ் எழுத்தில் தருவது தோராயம்தான். ‘த்த’ என்று எழுதினால் வல்லினமாக அழுத்துங்கள், தனி ‘த’ வந்தால் ‘அது’ என்பதில் வரும் மென்மையான ஒலி.

படி 1: ‘நான்’, ‘நீ’ எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்

தமிழைப் போலவே அல்பேனிய வினையின் கடைசி அசையே யார் என்று சொல்லிவிடும். புனோய் என்றால் ‘வேலை செய்கிறேன்’. இதன் முடிந்த இறந்தகாலம் இப்படி: புனோவா (செய்தேன்), புனோவெ (செய்தாய்), புனோஇ (செய்தான், செய்தாள், செய்தது மூன்றும்), புனுவாம் (செய்தோம்), புனுவாத் (செய்தீர்கள்), புனுவான் (செய்தார்கள்).

இரண்டு இடத்தில் நிதானம் வேண்டும். ‘புனுவான்’ என்று கேட்டதும் நம் காது அதை ‘அவன்’ என்று எடுத்துக்கொள்ளும், ஆனால் அது பன்மை. அப்புறம் ‘செய்கிறேன்’ என்ற புனோய்க்கும் ‘செய்தான்’ என்ற புனோஇக்கும் எழுத்தில் கடைசி எழுத்து மட்டும்தான் வேறு, வேகமாகப் பேசும்போது ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். அருகில் ‘த்யெ’ (நேற்று) மாதிரி ஒரு சொல் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

படி 2: ‘செய்தேன்’ வேறு, ‘செய்வேன்’ வேறு

“சின்ன வயசில் தினமும் ஆற்றுக்குப் போவேன்” என்கிறோம். வடிவம் எதிர்காலம், பொருள் பழைய வழக்கம். அந்த இடத்துக்கு அல்பேனியத்தில் தனி வடிவமே உண்டு: புனோயா, புனோயெ, புனோன்த்தெ, புனோனிம், புனோனித், புனோனின். ஒரு வேலை முடிந்ததா இல்லையா என்று இது சொல்லாது, அது நடந்துகொண்டிருந்த காலத்துக்குள் நம்மை நிறுத்தும். முன்னால் ‘பொ’ சேர்த்தால் ‘செய்துகொண்டிருந்தேன்’ ஆகிவிடும்.

“பொ புனோயா குர் எர்தி.” அதாவது, நான் வேலை செய்துகொண்டிருந்தபோது அவன் வந்தான். நீண்டு கிடக்கும் ஒரு செயலின் நடுவே ஒரு சம்பவம் வந்து விழுகிறது, இரண்டுக்கும் வடிவம் வேறு. இந்த ஒரு வாக்கியத்தை வாய்விட்டு இருபது முறை சொல்லிப் பாருங்கள், அட்டவணையை வெறித்துப் பார்ப்பதைவிட அது அதிகம் கற்றுத்தரும்.

படி 3: ‘கம்’ சேர்த்தால் ‘இருக்கிறேன்’

‘கம்’ என்றால் ‘என்னிடம் இருக்கிறது’. கம், கெ, கா, கெமி, கெனி, கான் என்று ஆளுக்கேற்ப இது மட்டும் மாறும், பின்னால் வரும் புனுவர் (புனோய் வினையின் எச்ச வடிவம்) மாறாது. கம் புனுவர் = வேலை செய்திருக்கிறேன். நமக்குத் துணைவினை பின்னால், அவர்களுக்கு முன்னால், அவ்வளவுதான். கம் இருந்த இடத்தில் ‘கிஷா’ போட்டால் ‘செய்திருந்தேன்’. பாடநூலில் உள்ள ஐந்தாவது வடிவம் பேச்சில் அரிது, இப்போதைக்கு விட்டுவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: ‘பார்த்திருக்கிறேன்’ என்பதற்கு அல்பேனியத்தில் ‘கம் பார்’! உறவு ஒன்றும் இல்லை, தற்செயல்தான், ஆனால் ஒருமுறை கேட்டால் மறக்காது. ‘பார்த்தேன்’ என்பது பாஷ், ‘பார்த்தான்’ என்பது வெறும் பா.

தன்மீதே செய்துகொள்ளும் வினைகளுக்கு மட்டும் கம் வராது, ‘யம்’ (இருக்கிறேன்) வரும். உ லாவா = குளித்தேன், யம் லார் = குளித்திருக்கிறேன்.

படி 4: ‘இல்லை’ சொல்லும்போது

தமிழர்கள் சறுக்குவது இங்கேதான். ‘பார்க்கவில்லை’ என்றால் இறந்தகாலமா நிகழ்காலமா என்பது நமக்கு இடத்தைப் பொறுத்தது. அல்பேனியத்தில் அப்படி விட முடியாது, ‘நுக்’ போட்ட பிறகும் காலம் அப்படியே நிற்கும். நுக் பாஷ் என்றால் (அப்போது) பார்க்கவில்லை. நுக் கம் பார் என்றால் பார்த்ததில்லை. நம் ‘-ததில்லை’ இங்கே கச்சிதமாக உட்காருகிறது.

படி 5: “அட, மழை பெய்திருக்கே!”

காலையில் கதவைத் திறக்கிறீர்கள், வாசல் ஈரம். சாதாரணமாகச் சொன்னால் “கா ரன் ஷி”, மழை பெய்திருக்கிறது. எதிர்பாராமல் கண்டு வியந்தால் “பஸ்கா ரன் ஷி”. நாம் ஒரு ஏகாரத்தை இழுத்துச் சொல்வதை அவர்கள் வினைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள், இலக்கணத்தில் இதன் பெயர் ‘ஹபித்தோரெ’, ‘ஹபி’ என்றால் வியப்பு. யாரோ சொன்னதை நம்ப முடியாமல் திருப்பிச் சொல்லவும் இதே வடிவம்தான். முதல் வாரத்தில் இதைப் பேச வேண்டியதில்லை, காதில் விழுந்தால் அடையாளம் தெரிந்தால் போதும்.

படி 6: ஒழுங்கில்லாத வினைகள்

இதற்குக் குறுக்குவழி கிடையாது. வந்தேன் எர்தா, அதன் ‘கம்’ வடிவம் கம் அர்துர். சாப்பிட்டேன் ஹெங்ரா, அதன் ‘கம்’ வடிவம் கம் ங்ரென். ஒரு நாளைக்கு இரண்டு வினை, ஒவ்வொன்றுக்கும் ‘செய்தேன்’ வடிவமும் கம் வடிவமும் சேர்த்து மனப்பாடம் செய்யுங்கள். இன்னொன்று, நாம் படிக்கும் பொதுமொழி 1972இல் டிரானாவில் நடந்த மாநாட்டில் உறுதியானது, அதன் அடிப்படை தெற்கத்திய டோஸ்க் வழக்கு. கொசோவோவில் பிரிஷ்டினா பக்கம் பேசுவது வடக்கத்திய கெக் வழக்கு, அங்கே கம் புனுவர் தேய்ந்து ‘கம் புனு’ என்று காதில் விழும். தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று பயப்பட வேண்டாம்.

இன்றைக்குப் பயிற்சி: நேற்று காலை எழுந்ததிலிருந்து நடந்ததை முதலில் தமிழில் ஐந்து வரி எழுதுங்கள், ஒவ்வொரு வினையும் ‘-தேன்’ஆ, ‘-வேன்’ஆ, ‘-திருக்கிறேன்’ஆ என்று அடிக்கோடிடுங்கள், அதன் பிறகு அல்பேனியத்துக்கு வாருங்கள். முதல் வரி “த்யெ புனோவா” என்றே இருக்கட்டும்.